புதிதாகத் தெரிந்த சர்க்கரை நோய்க்கு முதலிலேயே இன்சுலின்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பேனாவை எப்படிப் பிடிப்பது, வயிற்றில் எந்த இடத்தில் குத்துவது, ஊசியை எத்தனை விநாடி உள்ளே வைத்திருப்பது என்று சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன்னும் பின்னும் வரும் சந்தேகங்களுக்குத்தான் ஒரு மணி நேரம் ஆகிறது. அவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இவை அனைத்தும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பற்றியவை. இதைப் படித்துவிட்டு யாரும் தம் மருந்தின் அளவைத் தாமே மாற்றிக்கொள்ள வேண்டாம்.

“சுகர் இருக்குன்னு போன வாரம்தான் தெரிஞ்சது. எடுத்த எடுப்பிலேயே ஊசியா? மாத்திரை போதாதா?”

பலருக்கு மாத்திரை போதும். ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தாலோ, ரத்தச் சர்க்கரை 300 மில்லிகிராமை எட்டியிருந்தாலோ, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை சேர்ந்திருந்தாலோ, தொடக்கத்திலேயே இன்சுலின் தருவதை மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்கின்றன. எடை இறங்குவது, உடலில் இன்சுலின் போதாமல் தசையும் கொழுப்பும் கரைந்துகொண்டிருப்பதன் அடையாளம். அந்த நிலையில் மாத்திரை வேலை செய்யும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பது சரியல்ல.

“போன வாரம்தான் வந்தது” என்பதும் முழு உண்மை அல்ல. தெரியவந்தது போன வாரமாக இருக்கலாம். நோய் பல ஆண்டுகளாக ஓசையின்றி வளர்ந்திருக்கும். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் (அதைப் பற்றிக் கீழே விரிவாக வரும்), நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்ததாகக் கணக்கிட்டார்கள். இன்சுலினைக் கடைசிப் படியாக வைக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருப்பதால்தான் முதல் படியில் அதைப் பார்த்தவுடன் மனம் பதறுகிறது.

“தீவிர இன்சுலின் சிகிச்சைன்னு எழுதியிருக்காங்க. தீவிரம்னா நோய் முத்திடுச்சுன்னு அர்த்தமா?”

இல்லை. இங்கே தீவிரம் என்ற சொல் சிகிச்சையின் இலக்கைக் குறிக்கிறது. வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பின்பும் சர்க்கரையை இயல்பு அளவுக்கு மிக அருகில், சில நாட்களுக்குள் கொண்டுவந்து, அங்கேயே இரண்டு வாரம் போல நிறுத்திவைப்பதுதான் அது. வழக்கமாக ஒவ்வொரு வேளை உணவுக்கும் முன்பு குறுகிய நேரம் வேலை செய்யும் இன்சுலின் ஒரு ஊசியும், இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் ஒரு ஊசியுமாக நாளுக்கு நான்கு முறை போடப்படும். அல்லது இடுப்பில் மாட்டிய பம்ப் ஒன்று தோலுக்கடியில் சொட்டுச் சொட்டாக இன்சுலினைச் செலுத்திக்கொண்டேயிருக்கும். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நாளுக்கு ஏழெட்டு முறைகூட நடக்கும். ஆகவேதான் இதைப் பல இடங்களில் மருத்துவமனையில் தங்கவைத்துச் செய்கிறார்கள்.

“ஒரு தடவை இன்சுலின் ஆரம்பிச்சா சாகுறவரைக்கும் நிறுத்த முடியாதாமே?”

என்னிடம் வரும் பத்துப் பேரில் எட்டுப் பேராவது கேட்கும் கேள்வி இது. பதினைந்து இருபது ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டு, கணையம் சுரக்கும் திறனைப் பெரும்பாலும் இழந்த பிறகு இன்சுலினுக்கு மாறியவர்களைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை. அவர்களால் நிறுத்த முடியாமல் போனதற்குக் காரணம் ஊசி அல்ல. ஊசி தொடங்கியபோதே கணையத்தில் மிச்சம் எதுவும் இருக்கவில்லை. இன்சுலினுக்குப் போதை கிடையாது. உடல் அதற்கு அடிமையாவதும் கிடையாது.

நோயின் தொடக்கத்தில் நிலைமை நேர் எதிர். அங்கே நிறுத்துவது என்ற திட்டத்தோடுதான் தொடங்குகிறார்கள். 1997இல் துருக்கியிலிருந்து வெளியான ஒரு சிறிய ஆய்வில், புதிதாக நோய் தெரிந்த 13 பேருக்குப் பம்ப் மூலம் இரண்டு வாரம் இன்சுலின் கொடுத்து நிறுத்தினார்கள். 12 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அவர்களில் ஒன்பது பேர் பல மாதங்கள், சிலர் ஆண்டுக்கணக்கில், எந்த மருந்தும் இல்லாமல் உணவுக் கட்டுப்பாட்டிலேயே இருந்தார்கள். பதின்மூன்று பேரை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்றாலும், பின்னால் நடந்த பெரிய ஆய்வுகளுக்கு அதுதான் வித்து.

“ரெண்டு வாரம் ஊசி போட்டா, கெட்டுப்போன கணையம் எப்படிச் சரியாகும்?”

கணையத்தின் பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் உயர்ந்தே இருந்தால், அந்தச் சர்க்கரையே பீட்டா செல்களுக்கு நஞ்சாகிறது. செல் சோர்ந்து சுரப்பைக் குறைக்க, சர்க்கரை இன்னும் ஏறுகிறது, செல் இன்னும் சோர்கிறது. உடலில் கூடுதலாகச் சேரும் கொழுப்பு அமிலங்களும் இதே வேலையைச் செய்கின்றன. வெளியிலிருந்து இன்சுலின் வந்து சர்க்கரையை இறக்கியவுடன் இந்தச் சுழல் அறுபடுகிறது. நாள் முழுதும் கிணற்றில் நீர் இறைக்கும் கவலையை இழுத்துப் படுத்துவிட்ட மாட்டைச் சில நாட்கள் நிழலில் கட்டித் தீவனம் வைத்தால் எழுந்து நிற்பதைப்போல, சோர்ந்த செல்கள் மீண்டும் சுரக்கத் தொடங்குகின்றன. உணவு உள்ளே போன முதல் சில நிமிடங்களில் சட்டென்று பொங்கும் இன்சுலின் சுரப்புதான் இந்த நோயில் முதலில் மறைவது. சிகிச்சைக்குப் பின் முதலில் தலைகாட்டுவதும் அதுவே.

செத்த மாடு எழாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் வேலையை நிறுத்திய செல்கள் எல்லாம் செத்தவை அல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலிகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, சில பீட்டா செல்கள் இறந்துபோவதற்குப் பதிலாகத் தம் அடையாளத்தை இழந்து, இன்சுலின் சுரக்கத் தெரியாத பழைய முதிராத நிலைக்குத் திரும்பிவிடுகின்றன என்று காட்டியது. நோய் தெரிந்த முதல் ஆண்டுகளில் இப்படி மீட்கக்கூடிய செல்கள் அதிகமாகவும், காலம் போகப்போகக் குறைவாகவும் இருக்கும் என்பதே “முதலிலேயே” என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள தர்க்கம்.

“எத்தனை பேருக்கு இது பலிக்குது? நம்பர் சொல்லுங்க.”

இதில் மிகவும் பேசப்படும் ஆய்வு சீனாவில் ஒன்பது மையங்களில் நடந்தது. குவாங்சோ நகரைச் சேர்ந்த ஜியான்பிங் வெங் தலைமையேற்றார். முடிவுகள் 2008இல் வெளியாயின. 25 முதல் 70 வயது வரையிலான, புதிதாக நோய் தெரிந்த 382 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பம்ப் இன்சுலின், இன்னொன்றுக்கு நாளுக்குப் பலமுறை ஊசி, மூன்றாவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை இயல்புக்கு வந்து இரண்டு வாரம் நின்றதும் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு, உணவும் உடற்பயிற்சியும் மட்டும் என்று அனுப்பினார்கள். ஓராண்டு கழித்தும் மருந்தில்லாமல் இருந்தவர்கள் பம்ப் குழுவில் 51.1 சதவீதம், ஊசிக் குழுவில் 44.9 சதவீதம், மாத்திரைக் குழுவில் 26.7 சதவீதம்.

மாத்திரைக் குழுவிலும் நான்கில் ஒருவர் தப்பியிருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும்; வேகமாகச் சர்க்கரையை இறக்குவதற்கே ஒரு பலன் உண்டு என்று அது சொல்கிறது. ஆனால் இன்சுலின் பெற்றவர்களிடம் அந்த முதல் நிமிடச் சுரப்பு ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்திருந்தது, மாத்திரைக் குழுவில் தேய்ந்துவிட்டது. கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஏழு ஆய்வுகளைச் சேர்த்து 839 பேரின் நிலையை 2013இல் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தின்றி இருந்தவர்கள் மூன்று மாதத்தில் 66.2 சதவீதம், ஓராண்டில் 46.3, இரண்டாண்டில் 42.1 என்று படிப்படியாக இறங்கினார்கள். ஆகவே இதை நிரந்தரக் குணம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். இது தணிவு, அதாவது மருந்தில்லாமலே சர்க்கரை கொஞ்ச காலம் அடங்கியிருப்பது; அதுவும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு.

“சரி, சுகர் இறங்குது. கண்ணு, கிட்னி, காலு எல்லாம் தப்பிக்குமா? அதுதானே முக்கியம்?”

அதுதான் முக்கியம், சர்க்கரை எண் வெறும் வழிகாட்டிக் கல். சீன ஆய்வு ஓராண்டோடு நின்றது, அது கண்ணையும் சிறுநீரகத்தையும் நீண்ட காலம் தொடர்ந்து பார்க்கவில்லை. பின்விளைவுகளுக்கான சான்றை வேறு இரண்டு இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது ஜப்பானின் குமமோட்டோ. அங்கே ஒல்லியான உடல்வாகுள்ள 110 இரண்டாம் வகை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசியும், மறு பாதிக்கு ஒன்றிரண்டு ஊசியும் கொடுத்து ஆறு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 1995இல் முடிவு வந்தது. தீவிரக் குழுவின் எச்பிஏ1சி 7 சதவீதத்தை ஒட்டியும் மற்றதில் 9 சதவீதத்துக்கு மேலும் இருந்தது. தொடக்கத்தில் விழித்திரை பாதிப்பே இல்லாதவர்களில், தீவிரக் குழுவில் 7.7 சதவீதம் பேருக்கும் மற்றதில் 32 சதவீதம் பேருக்கும் புதிதாகப் பாதிப்பு தோன்றியது.

இரண்டாவது, பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் டர்னர் தலைமையில் 1977இல் தொடங்கி 23 மையங்களில் நடந்த யூகேபிடிஎஸ் என்னும் மாபெரும் ஆய்வு. புதிதாக நோய் தெரிந்த 5,102 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும். மற்றவர்களுக்கு, கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் சல்போனைல்யூரியா மாத்திரையோ இன்சுலினோ கொடுத்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையை 108 மில்லிகிராமுக்குக் கீழே வைக்க முயன்றார்கள். பத்தாண்டுகளில் எச்பிஏ1சி மருந்துக் குழுவில் 7.0, உணவுக் கட்டுப்பாட்டுக் குழுவில் 7.9. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்கும் சிறு ரத்தக்குழாய்ச் சேதங்கள் மருந்துக் குழுவில் 25 சதவீதம் குறைந்தன. அதில் பெரும்பங்கு விழித்திரைக்கு லேசர் சிகிச்சை தேவைப்படாமல் போனது. மாரடைப்பு 16 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தாலும், 1998இல் முடிவுகள் வந்தபோது அது தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்வதற்கான புள்ளியியல் வரம்பை மயிரிழையில் தவறவிட்டது.

“முதல் கொஞ்ச வருஷம் கட்டுப்பாடா இருந்துட்டு, அப்புறம் சுகர் ஏறிடுச்சுன்னா, பட்ட பாடெல்லாம் வீணா?”

வீணாகவில்லை என்பதுதான் இந்தத் துறையின் மிகச் சுவையான கண்டுபிடிப்பு. யூகேபிடிஎஸ் முடிந்த பிறகு இரு குழுவினரும் தத்தம் மருத்துவரிடம் திரும்பிப் போனார்கள். ஓராண்டுக்குள் இருவரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆயினும் பத்தாண்டுகள் கழித்து, 2008இல், ரூரி ஹோல்மனும் குழுவினரும் கணக்கெடுத்தபோது, தொடக்கத்தில் கட்டுப்பாட்டில் இருந்தவர்களிடம் சிறு ரத்தக்குழாய்ச் சேதம் 24 சதவீதம் குறைவாகவே நீடித்தது. அன்று வரம்பைத் தவறவிட்ட மாரடைப்புக் குறைவு இப்போது 15 சதவீதமாக உறுதிப்பட்டது. எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பு 13 சதவீதம் குறைந்திருந்தது. 2024இல், ஆய்வு முடிந்து 24 ஆண்டுகள் ஆன பின்பும், மாரடைப்பு 17 சதவீதமும் சிறு குழாய்ச் சேதம் 26 சதவீதமும் குறைவாகவே இருந்தன. முதல் ஆண்டுகளில் போட்ட முதல், வட்டியாக வந்துகொண்டேயிருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

உடல் எப்படி இதை நினைவு வைத்துக்கொள்கிறது? உயர்ந்த சர்க்கரை, உடலின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள கொலாஜன் போன்ற புரதங்கள் பல ஆண்டுகள் மாற்றப்படாமல் இருப்பவை. ஒருமுறை கெட்டால், பின்னால் சர்க்கரை இறங்கினாலும் கெட்டபடியே கிடக்கும். அத்துடன், சில மணி நேரம் உயர்ந்த சர்க்கரையில் வைக்கப்பட்ட ரத்தக்குழாய்ச் செல்களில், அழற்சியைத் தூண்டும் மரபணுவின் மேல் பதிந்த ரசாயனக் குறிகள், சர்க்கரை இயல்பான பிறகும் பல நாட்கள் அழியாமல் இருந்ததை 2008இல் ஆய்வகத்தில் கண்டார்கள். அதாவது நல்ல தொடக்கத்தை உடல் மறப்பதில்லை, கெட்ட தொடக்கத்தையும் மறப்பதில்லை.

“அப்போ இந்தப் பெருமை இன்சுலினுக்கா, சுகர் குறைஞ்சதுக்கா?”

கூர்மையான கேள்வி, ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டார். என் பதில், பெரும்பாலும் சர்க்கரை குறைந்ததற்குத்தான். முந்தைய பதிலில் சொன்ன 15 சதவீதம், 24 சதவீதம் எல்லாம் மாத்திரை பெற்றவர்களையும் இன்சுலின் பெற்றவர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கண்ட எண்கள். யூகேபிடிஎஸ்ஸில் பலருக்கு இன்சுலின் நாளுக்கு ஒரு ஊசியாகத்தான் தொடங்கியது. சீனாவில் செய்ததுபோன்ற இரண்டு வாரத் தீவிர முறை அல்ல அது. அதே ஆய்வில் எடை மிகுந்த 342 பேருக்கு மெட்ஃபார்மின் என்ற மாத்திரை கொடுத்தபோது பின்தொடர்ந்த காலத்தில் மாரடைப்பு 33 சதவீதம் குறைந்தது. அதில் இன்சுலினுக்குப் பங்கில்லை. குமமோட்டோவில் இரு குழுவும் இன்சுலின் போட்டவர்களே, வேறுபட்டது கட்டுப்பாட்டின் இறுக்கம்தான்.

இன்சுலினுக்குத் தனியாக நிற்கும் பெருமை ஒன்று உண்டென்றால், அது பீட்டா செல்லுக்கு ஓய்வு கொடுத்து, தணிவுக் காலத்தைச் சற்று நீட்டுவது. அந்தத் தணிவுக் காலத்தில் எச்பிஏ1சி இயல்பாக இருப்பதன் வழியாகப் பின்விளைவுகள் குறையும் என்று எதிர்பார்க்க நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் “இரண்டு வார ஊசி சிறுநீரகத்தைக் காப்பாற்றும்” என்று நேராகச் சொல்பவர்கள் இரண்டு தனித்தனிச் சான்றுகளை ஒட்டுப்போட்டுப் பேசுகிறார்கள்.

“எனக்குச் சுகர் வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப தீவிரமா இறங்கினா அந்த வட்டி எனக்கும் வருமா?”

கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் ஓரளவு வரும்; இதயத்தைப் பொறுத்தவரை, கண்மூடித்தனமாக இறங்கினால் ஆபத்தாகவும் முடியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்ட் ஆய்வில், சராசரியாகப் பத்தாண்டுகள் நோயுடன் இருந்த, இதய நோயோ அதற்கான வாய்ப்போ மிகுந்த 10,251 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு எச்பிஏ1சியை 6 சதவீதத்துக்குக் கீழே தள்ள மருந்துகளைக் குவித்தார்கள். மூன்றரை ஆண்டுகளில் அந்தக் குழுவில் 257 பேரும், 7 முதல் 7.9 வரை வைத்த குழுவில் 203 பேரும் இறந்திருந்தார்கள்; 2008 பிப்ரவரியில் தீவிரச் சிகிச்சையை நிறுத்தினார்கள். தீவிரக் குழுவில் நான்கில் ஒருவருக்கு மேல் பத்துக் கிலோவுக்கும் அதிகமாக எடை கூடியிருந்தது. கடுமையான தாழ்சர்க்கரையும் மூன்று மடங்கு.

சராசரியாக 11 ஆண்டுகளுக்கு மேல் நோயுடன் இருந்த 1,791 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் தீவிரக் கட்டுப்பாட்டைச் சோதித்த ஆய்வில், பத்தாண்டுக் கணக்கில் இதய நோய்கள் சற்றுக் குறைந்தன. பதினைந்தாவது ஆண்டில் அந்தப் பலனும் மறைந்துவிட்டது. இளம் நோய்க்குக் கிடைத்த நினைவு, முதிய நோய்க்குக் கிடைக்கவில்லை. ஆகவே வயதானவர்களுக்கும், இதய நோய் உள்ளவர்களுக்கும், அடிக்கடி தாழ்சர்க்கரை வருபவர்களுக்கும் மருத்துவர் 7.5 அல்லது 8 என்று இலக்கைத் தளர்த்தினால், அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

“இன்சுலின் போட்டா ஹார்ட்டுக்குக் கெடுதல், கேன்சர் வரும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?”

இந்தச் சந்தேகத்தை நேராகவே சோதித்திருக்கிறார்கள். ஆரிஜின் என்ற ஆய்வில் 40 நாடுகளைச் சேர்ந்த 12,537 பேருக்கு, சர்க்கரை நோயின் தொடக்கத்திலோ அதற்கு முந்தைய நிலையிலோ, கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலினையோ வழக்கமான சிகிச்சையையோ ஆறு ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தார்கள். 2012இல் வந்த முடிவு: மாரடைப்பு, பக்கவாதம், இதயக் காரணங்களால் இறப்பு ஆகியவற்றில் வித்தியாசமில்லை, புற்றுநோயிலும் வித்தியாசமில்லை.

கெடுதல் இல்லை என்பதை நிம்மதியாகக் கொள்ளலாம். நன்மையும் இல்லையே என்று கேட்பவருக்கு, இந்த ஆய்வில் இரு குழுக்களின் எச்பிஏ1சியும் இறுதியில் 6.2, 6.5 என்று மிக நெருக்கமாக இருந்தன என்பதை நினைவூட்டுகிறேன். ஏற்கெனவே கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு இன்சுலினைச் சேர்ப்பதால் கூடுதல் லாபமில்லை. மேலே ஆசிரியரின் கேள்விக்குச் சொன்ன பதிலுக்கு இது இன்னொரு சாட்சி.

“எடை கூடுமா? லோ சுகர் வருமா?”

இரண்டும் நடக்கும், ஆனால் அளவு தெரிந்தால் பயம் குறையும். யூகேபிடிஎஸ்ஸில் இன்சுலின் குழுவினருக்கு, உணவுக் கட்டுப்பாட்டுக் குழுவைவிடச் சராசரியாக நான்கு கிலோ எடை கூடியது. அது பத்தாண்டுக் கணக்கு. இரண்டு வாரச் சிகிச்சையில் அந்த அளவுக்கு இடமில்லை. நோயால் இழந்த எடை திரும்புவதையும் சிலர் இன்சுலினின் பக்க விளைவு என்று எண்ணிவிடுகிறார்கள்.

தாழ்சர்க்கரை என்பது 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவது: வியர்வை, படபடப்பு, கைநடுக்கம், திடீர்ப் பசி. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கலக்கிக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் இது பெரும்பாலும் ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதால் வருகிறது. விருந்தாளி வந்தார், பூஜை முடியவில்லை, இட்லி வேகவில்லை என்று காரணம் எதுவாக இருந்தாலும், தட்டு முன்னால் வந்த பிறகுதான் குறுகிய நேர ஊசி. இன்னொன்று: தீவிரச் சிகிச்சையின் இரண்டாவது வாரத்தில் கணையம் விழித்துக்கொள்ளும்போது இன்சுலின் தேவை மளமளவென்று இறங்கும், அன்று பழைய அளவையே போடுவது ஆபத்து. நாள்தோறும் அளவைத் திருத்த ஒருவர் தேவைப்படுவது இதனால்தான்.

“ஊசி ஆரம்பிச்சப்புறம்தான் கண்ணு மங்குச்சு, காலு எரிச்சல் அதிகமாச்சு. ஊசிதானே காரணம்?”

முதல் சில வாரங்களில் வரும் மங்கல் பெரும்பாலும் கண்ணின் லென்ஸில் நீர் அளவு மாறுவதால் வருவது. சர்க்கரை நிலைப்பட்டதும் தானே சரியாகும். அந்த நேரத்தில் புதுக் கண்ணாடிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஆனால் உண்மையான ஒரு சிக்கலும் உண்டு. நீண்ட காலம் மிக உயர்ந்திருந்த சர்க்கரையை வேகமாக இறக்கும்போது, ஏற்கெனவே விழித்திரை பாதிப்பு உள்ள சிலருக்கு அது தற்காலிகமாக மோசமாகலாம். சிலருக்குப் பாதங்களில் தாங்க முடியாத எரிச்சல் தோன்றிச் சில மாதங்களில் தணியலாம். இது இன்சுலினுக்கு மட்டும் உரியதன்று, எந்த வழியில் வேகமாக இறக்கினாலும் நேரலாம். எனவே தீவிரச் சிகிச்சைக்கு முன் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டுவதை நான் வற்புறுத்துகிறேன். “இப்போதுதானே நோய் தெரிந்தது” என்று தவிர்ப்பவர்கள் முதல் பதிலின் இரண்டாம் பத்தியை இன்னொருமுறை படிக்கலாம். யூகேபிடிஎஸ்ஸில் நோய் தெரிந்த நாளிலேயே ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஏதோ ஒரு பின்விளைவின் தடயம் இருந்தது.

“நான் ஒல்லி. வயசு முப்பது. எனக்கும் ரெண்டு வாரத்துல நிறுத்திடலாமா?”

உங்கள் நோய் இரண்டாம் வகைதானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். ஒல்லியான இளைஞருக்கு உயர்ந்த சர்க்கரை இருந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்களை அழிக்கும் முதல் வகை மெதுவாக வளர்வதாக இருக்கலாம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் காணப்படும், கணையத்தில் கற்கள் படிந்து வரும் சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். கணையம் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு, முதல் வகையைக் காட்டிக்கொடுக்கும் காட் (GAD) எதிர்ப்பொருள் ஆகிய ரத்தச் சோதனைகளும் வயிற்று ஸ்கேனும் இதைப் பிரித்துக் காட்டும். முதல் வகையில் இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. டொராண்டோ தொகுப்பிலும் உடல் எடை கூடுதலாகவும் தொடக்கச் சர்க்கரை குறைவாகவும் இருந்தவர்களுக்கே தணிவு அதிகம் கிடைத்தது.

“வாரம் ஒரு ஊசி, எடை குறைக்கிற மருந்துன்னு எவ்வளவோ வந்துடுச்சு. இன்னும் இன்சுலினைப் பிடிச்சுத் தொங்கணுமா?”

வேண்டியதில்லை. எடை மிகுந்தவருக்கு, மெலிதலும் கடும் அறிகுறியும் இல்லாவிட்டால், இன்சுலினுக்கு முன்பே செமாக்ளூடைடு போன்ற மருந்துகளைக் கருதும்படி வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மருந்தே இல்லாமலும் வழியுண்டு: பிரிட்டனில் 306 பேரிடம் நடந்த டைரக்ட் ஆய்வில், சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு உண்டவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் மருந்தின்றித் தணிவில் இருந்தார்கள், 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். இன்சுலின் தனித்து நிற்கும் இடம், முதல் கேள்வியில் சொன்ன நிலையில் வருபவர்கள்: 400 மில்லிகிராம் சர்க்கரையுடன் வாடி வதங்கி வருபவரிடம் பட்டினி உணவைப் பேச முடியாது, அவருக்கு நாட்களுக்குள் பலன் தருவது இன்சுலின்தான்.

“ஊசி நிறுத்தியாச்சு. மூணு மாசமா நார்மல். இனி பிரஷர் மாத்திரையையும் விட்டுடலாமா? அந்த ‘நினைவு’ இருக்கே?”

விடக்கூடாது. யூகேபிடிஎஸ்ஸின் ஒரு பகுதியாக 1,148 பேரிடம் ரத்த அழுத்தத்தையும் சோதித்தார்கள். இறுக்கமாகக் கட்டுப்படுத்திய குழுவில் அழுத்தம் 144/82, மற்றதில் 154/87. பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. ஆய்வு முடிந்து இரு குழுவின் அழுத்தமும் ஒன்றானதும், அந்தப் பலன் பின்வந்த ஆண்டுகளில் மறைந்துபோனது. சர்க்கரைக்கு உள்ள நினைவு அழுத்தத்துக்கு இல்லை. மாத்திரை உள்ளே போகும் வரைதான் அதன் காவல்.

சர்க்கரையைப் பொறுத்தவரை, மருந்தை நிறுத்தி மூன்று மாதமான பின் எச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தணிவு என்று 2021இல் பல நாட்டு வல்லுநர்கள் வரையறுத்திருக்கிறார்கள். அதன் பிறகும் மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி, ஆண்டுக்கொருமுறை விழித்திரை, சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், பாதத்தின் உணர்ச்சிச் சோதனை ஆகியவை தொடர வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126ஐத் தாண்டத் தொடங்கினால், அடுத்த பரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திராமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.